உவகைச் சான்று

‘தென்திசை’ நாளிதழில் பொய் எழுத மாட்டார்கள். அந்தப் பத்திரிகையின் பெருமையே அதுதான். மதுரைப் பதிப்பில் வேலை பார்த்த செண்பகவல்லியும் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. பொய் எழுதாமலே ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்துப் போட முடியும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

முதலில் அந்தப் பத்திரிகை எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தில் அச்சடிப்பது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. செய்தியை ஒரு தடவைதான் எழுதுவார்கள். வாசகர்கள் எத்தனை பேரோ அத்தனை விதமாக அது போய்ச் சேரும். யாருக்கு எது முதலில் வர வேண்டும், எது கடைசிக்குப் போக வேண்டும், எந்தச் சொல் தூக்கலாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் ‘சாயல்’ என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். தகவலை மட்டும் அது மாற்றக் கூடாது என்று சட்டம். மாற்றவும் மாற்றாது. பானைச் சோறு ஒன்றுதான். ஒருவருக்கு மேல் சோறு விழும், இன்னொருவருக்கு அடிச் சோறு விழும். காலையில் காபி குடிக்கும்போது யாருக்கும் நெஞ்சை அடைக்கக் கூடாது என்பதுதான் முதலாளிகளின் எண்ணம். நெஞ்சை அடைத்தால் வாசகன் வேறு பத்திரிகைக்குப் போய்விடுவான் அல்லவா?

அந்த மென்பொருளால் முடியாத வேலை ஒன்று இருந்தது. ஒரு முகத்தைப் பார்த்து அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது. ஆரம்பத்தில் அதையும் அதனிடம்தான் விட்டார்கள். இழவு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற ஒரு மகனைச் சிரிக்கிறான் என்று அது போட்டுவிட, சொந்தக்காரர்கள் வந்து அலுவலகக் கண்ணாடியை நொறுக்கிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, படத்தில் இருக்கும் முகத்துக்கு ஒரு மனிதர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று சட்டம் வந்தது. மென்பொருளைச் செய்தவர்கள் தமிழ்ப் பற்று மிக்கவர்கள். பழைய இலக்கணத்தின் எட்டு மெய்ப்பாடுகளையும் எடுத்து எட்டுப் பொத்தான்களாக்கி வைத்தார்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. படத்தைப் பார்த்து எட்டில் ஒன்றை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஒரு தேர்வு உண்டு, உரிமம் உண்டு. செண்பகவல்லி அந்தத் தேர்வில் மாநிலத்திலேயே முன்வரிசையில் தேறியவள். கோவில்பட்டிக்காரி, முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள் என்று அலுவலகத்தில் பேச்சு.

அன்று வந்தது முதல் கப்பல் செய்தி. இங்கே முகாம்களில் இருந்த இலங்கை அகதிகளைத் திருப்பி அனுப்புவதென்று இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, வேலாங்குளம் முகாமிலிருந்து முதல் தொகுதி ஆட்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கியிருந்தார்கள். செய்தியோடு ஒரே ஒரு படம் வந்தது. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, உள்ளங்கையால் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். கன்னமெல்லாம் கண்ணீர். வாய் பாதி திறந்திருக்கிறது. பெயர் தவமலர் என்று கீழே போட்டிருந்தது.

செண்பகவல்லிக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடையைத் திறக்கிறவர் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். ஆட ஏறுகிற பெண் மேடையைத் தொட்டு ஒற்றிக்கொள்கிறாள். எங்கே நுழைகிறோமோ அதைத் தொட்டுக் கும்பிடுவது நம் பழக்கம். இந்தப் பெண் சொந்த மண்ணில் கால் வைத்ததும் தொட்டுக் கும்பிடுகிறாள். கண்ணில் வருவது ஆனந்தக் கண்ணீர். ‘உவகை’யை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். டீ ஆறுவதற்குள் இன்னும் ஐந்தாறு படங்கள் பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வீட்டில் அவளும் அவள் கணவன் சங்கரபாண்டியும் இட்லிக்கு முன்னால் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவன் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவன். அவனுக்கு வந்த தலைப்பு, ‘முகாம் செலவு குறைகிறது: முதல் தொகுதி தாயகம் திரும்பியது’. அவளுக்கு வந்தது, ‘தாய்மண்ணைத் தொட்டார் தவமலர்’. மாடி வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரருக்கு இரு நாட்டு நல்லுறவு என்று வந்திருந்ததாம். படியில் இறங்கும்போது சொல்லிக்கொண்டே போனார்.

“திரும்பியதுன்னு போட்டிருக்கீங்களே, இதுல பாதிப் பேர் இங்கதான பொறந்திருப்பாங்க?” என்றான் சங்கரபாண்டி.

“அதுக்காக? கிளம்பிப் போனாங்கன்னு போட்டா யாரு படிப்பா? திரும்பினாங்கன்னாத்தான் அது செய்தி.”

“அதுவும் சரிதான்” என்று அவன் சிரித்துவிட்டுச் சட்னியை எடுத்துப் போட்டுக்கொண்டான். அந்தச் செய்தி அத்தோடு அந்த வீட்டில் முடிந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், கீழே வரவேற்பில் யாரோ அவளைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கொடுக்கிற நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருந்தார். உட்காரச் சொன்னதற்கு, உட்கார்ந்தால் எழும்ப இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லி நின்றுகொண்டே பேசினார். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளைப் பெயின்ட் ஏறி, கழுவினாலும் போகாமல் நின்றிருந்தது.

“என்ர பேர் கனகரத்தினம். வேலாங்குளம் முகாம். பெயின்ட் வேலை செய்யிறனான். இந்தப் படத்தில இருக்கிறது என்ர மனிசி” என்று போனை நீட்டினார்.

அவருக்கு வந்திருந்த தலைப்பு வேறு. ‘கணவர் வரவுக்காகத் தாய்மண்ணில் காத்திருக்கும் தவமலர்’. கீழே அதே படம்.

“என்ன ஆச்சுண்ணே உங்களுக்கு?”

“சாரத்தில நிண்டு பட்டி பாத்துக்கொண்டிருந்தனான். கட்டு அவிண்டு கீழ விழுந்திட்டன். இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. இப்பவும் ஆசுபத்திரியிலதான் இருக்கிறன். நான் அங்க கிடக்கேக்க இவவின்ர பேர் முதல் கப்பலில வந்திட்டுது. இவ மாட்டன் எண்டு நிண்டவ. ‘நீங்க முன்னால போங்க, அவரை அடுத்த கப்பல்ல ஏத்தி விடுறோம்’ எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போட்டினம். இப்ப டொக்டர் சொல்லுறார், நான் ஒரு வருசத்துக்குக் கப்பலே ஏறக் கூடாதாம். அப்ப அவவைத் திருப்பி அனுப்புங்கோ எண்டு நான் இஞ்சயிருந்து மனு குடுத்தன். அவ அங்கயிருந்து குடுத்தவ. ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது.”

பதிலை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். அவர் வாயில் அந்த அரசாங்கத் தமிழ் அந்நியமாக ஒலித்தது. “மனுதாரர் சொந்த விருப்பத்தின் பேரில் மகிழ்ச்சியுடன் தாயகம் திரும்பியதற்கு உரிமம் பெற்ற மெய்ப்பாட்டுச் சான்று உள்ளபடியால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. இப்பிடி வந்திருக்கு. சான்று எங்கயெண்டு விசாரிச்சா, உங்கட பேப்பர் எண்டு சொல்லுகினம்.”

செண்பகவல்லி போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இதுக்கு உவகை எண்டு போட்டது ஆர், தங்கச்சி? அவையோட ஒருக்காக் கதைக்கலாமெண்டுதான் வந்தனான்.”

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது வேறு. “அது மெஷின் போடுறதுண்ணே.”

“ஓ. மெஷினோ.” அவர் தலையை ஆட்டினார். “மெஷினோட என்னத்தக் கதைக்கிறது? சரி தங்கச்சி, உங்கட வேலையைக் கெடுத்திட்டன்.” ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு இரண்டடி வைத்தவர் நின்றார். “எனக்கு விளங்காதது ஒண்டுதான். அவ பிறந்ததே வேலாங்குளத்தில. அந்த மண்ணை அண்டைக்குத்தான் முதல் முதலாக் கண்டவ. கால் வச்ச உடன அதைத் தொட்டுக் கும்பிட அப்பிடி என்ன கிடக்கு?”

அவர் கத்தியிருந்தால், கையில் இருந்ததைத் தூக்கி எறிந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவரோ வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடம், காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறிப் போனார். முன்பின் தெரியாத மனிதரிடம் கூசாமல் பொய் சொல்லிவிட்டோமே என்று செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மேலே வந்ததும் அந்தப் படம் எந்தக் காணொளியிலிருந்து வெட்டப்பட்டது என்று தேடி எடுத்தாள். சாயலுக்குப் படத்தைச் சுற்றி வெட்டும் அதிகாரம் உண்டு. முகத்துக்கு வேண்டாதது எல்லாம் அதற்குக் குப்பை. வெட்டாத காணொளியில் தவமலருக்குப் பின்னால் காக்கி உடுப்பில் இரண்டு பெண் போலீசார் நின்றார்கள். யாரோ ஒருவர் வழியில் தின்ன மக்ரூன் பெட்டி வாங்கிக் கையில் தொங்கவிட்டிருந்தார். அதற்கும் பின்னால் கப்பலின் ஏணி. ஆட்கள் அதில் மூட்டை முடிச்சுகளோடு மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை.

அது காங்கேசன்துறை இல்லை. தூத்துக்குடி.

ஒலியைக் கூட்டி வைத்தாள். திறந்திருந்த அந்த வாய் சிரிக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தது. தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தே தவமலர் சொன்னாள்: “போயிட்டு வாறன். போயிட்டு வாறன்.” ஒரு போலீஸ்காரப் பெண் குனிந்து, “எந்திரிம்மா, நேரமாச்சு” என்று அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள். காணொளி அங்கே முடிந்தது.

செண்பகவல்லி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு செய்தி ஆசிரியர் அழகுமலையின் அறைக்குப் போனாள்.

அழகுமலை கெட்ட மனிதர் இல்லை. காணொளியை முழுக்கப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“யாருட்டயும் சொன்னியாம்மா?”

“இல்ல சார். ஒரு படத்துக்குப் போட்டத வச்சு ஒரு பொம்பளையோட மனுவ எப்பிடி சார் தள்ளலாம்?”

“இது தெரியாமலா லைசென்ஸ் வாங்குன? விருப்பம் இல்லாம ஒருத்தரையும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. விருப்பத்த எப்பிடிக் காட்டுறது? கையெழுத்து வாங்கினாங்க. மிரட்டி வாங்கிட்டாங்கன்னு கேஸ் போட்டாங்க. அப்பத்தான் தீர்ப்பாயத்துல சொன்னாங்க, கையெழுத்த மிரட்டி வாங்கலாம், முகத்த மிரட்டி வாங்க முடியாதுன்னு. அன்னையிலிருந்து விருப்பத்துக்குச் சாட்சி உன் பொத்தான்தான்.”

“தேர்வுல வந்துச்சு சார். மார்க்குக்குப் படிச்சேன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் படிச்சோம்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொண்ணும் சொல்றேன், உக்காந்துக்க. முதல் கப்பல்லருந்து வந்த ஒரே முகம் இந்த அம்மா முகம்தான். நீ போட்ட உவகைய வச்சு மொத்தக் கப்பலையும் விருப்பத்தோட போனதா எழுதிட்டாங்க. அந்தத் தைரியத்துலதான் ரெண்டாவது கப்பலும் போயிருச்சு.”

“ரெண்டாவது கப்பலுமா?”

“பின்ன? நீதான செய்திப் பட்டியல்ல போட்ட, ‘மகிழ்ச்சிப் பயணம் தொடர்கிறது’ன்னு.”

போட்டிருந்தாள். அந்தச் செய்தி கைவழியாகப் போனது அவளுக்கு நினைவுகூட இல்லை.

“திருத்தம் போடுவோம் சார்.”

“போட்டா லைசென்ஸ் போகும். அப்புறம் இந்த வேலையில எங்கயும் உன்னச் சேக்க மாட்டாங்க.”

“போகட்டும் சார்.”

“சொல்றது லேசு” என்றார் அழகுமலை. ஆனால் தடுக்கவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து, படம் எடுத்த இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது தான்தான் என்று பெயரைப் போட்டே திருத்தத்தை எழுதினாள். ‘அழுகை’யை அழுத்தினாள். அவர் ஒப்புதல் கொடுத்தார்.

திருத்தம் வெளியாகிச் சில நாள் கழித்து, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திரையைத் திறந்தாள். ‘தவறைத் தாமே திருத்திய பணியாளர்: ஆணையம் பாராட்டு’ என்று தலைப்பு. முதல் பத்தியில், தவமலரின் மனுவை மீள்குடியமர்வு ஆணையம் மறு விசாரணைக்கு ஏற்றுக்கொண்டது என்று இருந்தது. செண்பகவல்லி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சங்கரபாண்டியை எழுப்பிப் படித்துக் காட்டினாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டாள். உரிமமும் போகவில்லை. தவறை ஒப்புக்கொள்கிற நேர்மை உள்ளவர் என்று சொல்லி, அடுத்த கப்பலுக்குத் துறைமுகத்திலேயே இருந்து சான்று தரும் பொறுப்பை ஆணையம் அவளிடமே கொடுத்தது. மடியில் கனம் இறங்கிய மாதிரி இருந்தது அவளுக்கு. கனகரத்தினத்திடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. தம்பியிடம் சொல்லி ஊரிலிருந்து கடலைமிட்டாய் வரவழைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எலும்பு முறிவு வார்டில் ஓரத்துக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்து, முடியாமல் திரும்பப் படுத்துக்கொண்டார்.

“அண்ணே, உங்கள்ட்ட நான் பொய் சொல்லிட்டேன். மெஷின் போடல. உவகைன்னு போட்டது நான்தான்.”

“தெரியும் தங்கச்சி. திருத்தத்தில உங்கட பேர் கிடந்தது.”

“கோவம் இல்லையாண்ணே?”

“இருக்குத்தான். இல்லையெண்டு சொன்னா அது பொய்.” அவர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உங்களைத் திட்ட வேணுமெண்டு கன நாள் நினைச்சனான். திட்டி என்ன? அவ வந்திடுவாவோ?”

“வந்துருவாங்கண்ணே. அதான் மறு விசாரணைக்கு எடுத்துக்கிட்டாங்களே.” மிட்டாய்ப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தாள்.

கனகரத்தினம் தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். “நீங்கள் உங்கட பேப்பரை வாசிக்கேல்லையோ?”

“படிச்சேனே.”

“முழுக்க வாசிச்சனீங்களோ?”

அவர் தன் போனை எடுத்துக் கொடுத்தார். அதே செய்திதான். ஆனால் அவருக்கு வந்த தலைப்பு, ‘அழுதால் கப்பல் இல்லை: ஆணையம் புதிய விதி’. முதல் பத்தியில், மறு விசாரணை மனுக்கள் மலையாகக் குவிந்திருப்பதால் தவமலரின் மனு எடுக்கப்பட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் என்று இருந்தது. இரண்டாவது பத்தியில் புதிய விதி. செண்பகவல்லி தன் திரையை அவசரமாகத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பாராட்டு முடிந்து, அவள் பணிக்கால விவரம் முடிந்து, விளம்பரமும் முடிந்து, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இரண்டு தகவலும் சின்ன எழுத்தில் கிடந்தன. தகவல் எதுவும் மாறவில்லை. அவள்தான் அடிவரைக்கும் போகவில்லை. ஊர் முழுக்க எப்படிப் பரிமாறினாளோ, அப்படித்தான் அவள் இலையிலும் விழுந்திருந்தது. செய்தித் தொழிலிலேயே கிடப்பவளுக்கு, தனக்கும் அப்படி வரும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒரு வாரமாக வயிறாரச் சாப்பிட்டதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“என்ன விதிண்ணே இது?”

“உங்கட திருத்தம் வந்ததில அவை பயந்திட்டினம். அழுத மனிசியை ஏத்தினதெண்டு வெளிய வந்தா அவையளுக்குத்தானே கேஸ். கப்பலை நிப்பாட்டுவினம் எண்டு நாங்கள் நினைச்சம். நிப்பாட்டேல்லை. இனித் துறைமுகத்தில ஒவ்வொரு முகத்தையும் பாக்கிறதாம். உவகை உள்ளவையை மட்டும் ஏத்துறதாம்.”

“அப்ப அழுறவங்கள முகாமுக்கே திருப்பி அனுப்பிருவாங்கள்ல? போக விருப்பம் இல்லாதவங்களுக்கு அது நல்லதுதானண்ணே?”

“முகாம் எங்க கிடக்கு? கப்பலுக்குப் பேர் வந்த அண்டைக்கே வீட்டைப் பூட்டிப்போட்டுக் கரண்டையும் வெட்டியாச்சு. ஏத்தாத ஆக்களைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோவினமாம். கம்பிக்குள்ள. புருசன் ஒரு இடம், பிள்ளை ஒரு இடம்.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். “அங்க சனம் இப்ப என்ன செய்யுது தெரியுமோ? கண்ணாடிக்கு முன்னால நிண்டு சிரிச்சுப் பழகுது. சின்னப் பிள்ளையளுக்குத் தாய்மார் சொல்லிக் குடுக்கினம்.”

செண்பகவல்லி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நல்லது செய்கிறோம் என்றுதானே திருத்தத்தை எழுதினாள்?

“நான் ஒரு உதவி கேக்கோணும் தங்கச்சி. நானும் இந்தக் கப்பலில போறன்.”

“டாக்டர் ஏறக் கூடாதுன்னாரேண்ணே!”

“என்ர பொறுப்பு எண்டு எழுதிக் குடுத்திட்டன். கடல் ஆட்டத்தில திரும்ப முறிஞ்சா இனி நடக்கேலாது எண்டு அவர் சொன்னவர். நடந்து எங்க போறது? அவவுக்கு அங்க ஒரு சனத்தையும் தெரியாது. தகரக் கொட்டிலில தனியக் கிடக்கிறா. போனில அழுறதில்லை. அதுதான் எனக்குப் பயம். ரெண்டு வருசம் அவ தாங்க மாட்டா. அவ வரேலாதெண்டா நான் போகோணும்.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“உங்களைத்தானே அங்க நிப்பாட்டப் போகினம். எனக்கு உவகை போட்டு விடுங்கோ.”

“இனிமே உள்ளத உள்ளபடிதான் போடுறதுன்னு முடிவு பண்ணியிருக்கேண்ணே. மறுபடியும் ஒரு பொய்ய என்னால…”

“பொய் இல்லைத் தங்கச்சி. மனிசியிட்டப் போறன். சந்தோசம்தானே அது? முகம்தான் சொல்லுக் கேக்குதில்லை. சிரிச்சா இடுப்பில குத்துது.” அவர் பல்லைக் காட்டிச் சிரித்துக் காட்டினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. “பாருங்கோ. இது அழுறது போலக் கிடக்கோ?”

அப்படித்தான் இருந்தது. அழுவது போல இல்லை என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

அந்தப் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். அவள் போகாவிட்டால் வேறொருவர் வருவார். அவர் சட்டப்படி பார்ப்பார். கனகரத்தினம் கம்பிக்குள் போவார். அவள் போனால் எல்லோரையும் மகிழ்ச்சியாகப் போனவர்கள் என்று எழுதுவாள். நாளைக்குத் திரும்பி வர மனுப் போட்டால், அவள் கொடுத்த சான்றை வைத்தே தள்ளிவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் பாவம் அவள் தலையில்தான் விடியும் என்று தெரிந்தது. சங்கரபாண்டியிடம் சொன்னாள். அவன், “நீ போ. நீயாவது அவங்க மூஞ்சியப் பாப்ப” என்றான்.

கப்பல் நாளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏணிக்கு முன்னால் ஒரு மேசை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். மேசையில் எட்டுப் பொத்தான்கள். பக்கத்தில் ஆணையத்து அதிகாரி ஒருவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வரிசை ஆரம்பித்தது.

எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி சிரித்தாள். அவள் கையில் குழந்தை வீறிட்டு அழுதது, சின்னப் பிள்ளைகளைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று அதிகாரி சொன்னார். பல் இல்லாத ஒரு பெரியவர் ஈறு தெரியச் சிரித்தார். பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்த ஒரு பெண், வரிசையின் வாலில் நின்றபோதே சிரிக்க ஆரம்பித்து, மேசைக்கு வருவதற்குள் தாடை வலித்து உதடு நடுங்க நின்றாள். அவளுடைய அப்பா, “இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்” என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

செண்பகவல்லி ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். முகம் பார்க்கத் தெரிந்தவள் என்று ஊர் சொன்னது பொய்யில்லை. ஒன்று விடாமல் எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. அச்சம் தெரிந்தது, வெகுளி தெரிந்தது, சிரிக்க வைத்தார்களே என்ற அவமானம் தெரிந்தது. ‘உவகை’யை அழுத்தினாள். அடுத்த ஆளுக்கும் ‘உவகை’. அதற்கடுத்த ஆளுக்கும் ‘உவகை’. “நல்ல வேகமாப் பாக்குறீங்க மேடம்” என்றார் அதிகாரி. அவருடைய திரையில் நாளைய செய்தி தானாக எழுதிக்கொண்டு போனது.

கனகரத்தினம் கடைசி ஆட்களில் வந்தார். சக்கர நாற்காலியில் பலகை கட்டி இடுப்பை இறுக்கியிருந்தார்கள். சட்டையைத் தோய்த்துத் தேய்த்துப் போட்டிருந்தார். நாற்காலி சிமெண்டில் குலுங்கியபோதெல்லாம் அவர் கண் மூடித் திறந்தது. சிரிப்பு மட்டும் அசையவில்லை. மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டை இன்னும் அகல விரித்தார்.

அந்த முகத்தில் வலி இருந்தது. அதற்கும் அடியில், பெண்டாட்டியைப் பார்க்கப் போகிற ஆளின் சந்தோஷமும் உண்மையாகவே இருக்கலாம். இத்தனை நாளில் முதல் தடவையாகச் செண்பகவல்லிக்கு ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

“சரியாச் சிரிச்சனானே, தங்கச்சி?” என்று கனகரத்தினம் உதடு அசையாமல் மெல்லக் கேட்டார்.

“சரியா இருந்துச்சுண்ணே” என்றாள்.

பொத்தானை அழுத்தினாள். இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள்.